ரொட்டியில் தேதி பார்க்கிறவர்கள் பீர் பாட்டிலில் ஏன் பார்ப்பதில்லை?

பழைய சரக்குக்கும் புது சரக்குக்கும் ஒரே விலை! காந்திபுரத்தில் தினமும் நடக்கும் கூத்து

கோவை,-

காந்திபுரத்தில் சாயங்காலம் 6 மணி ஆகிவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. டவுன் பஸ் நிலையத்தில் ஒரு கூட்டம். மத்திய பஸ் நிலையத்தில் ஒரு கூட்டம். கிராஸ்கட் ரோட்டில் ஜவுளி எடுக்க வந்த கூட்டம் தனி. மில் வேலை, பட்டறை வேலை, ஆபீஸ் வேலை முடித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் பேக்கரிக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி ஒன்று கேட்பார். கைக்கு வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஏனுங்க, இது முந்தாநேத்து தேதியால்ல இருக்குது? புதுசு இல்லீங்களா?"

கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். உள்ளே கைவிட்டு வேறு ரொட்டி எடுத்துக் கொடுப்பார். பால் பாக்கெட்டிலும் அப்படித்தான். மாத்திரை அட்டையிலும் அப்படித்தான். தேதி பார்த்து வாங்குவதில் கோவைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அதே ஆசாமி மதுக்கடைக் கம்பிக்கு முன்னால் போய் நிற்கட்டும். கெட்டிக்காரத்தனம் எல்லாம் எங்கே போகிறது என்று தெரியாது! பணத்தை உள்ளே நீட்டுவார். "கூலிங் இருக்குதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பாட்டில் வெளியே வரும். அடுத்த நொடி அது பைக்குள் போய்விடும். தேதியா? அதை யார் பார்க்கிறார்கள்!

ரொட்டியைப் போல பீரும் பழசானால் கெட்டுப்போகிற பண்டம்தான். அதிலும் தேதி போட்டிருக்கிறது. ரொட்டியைவிடப் பல மடங்கு விலையும் கொடுக்கிறார்கள். இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதே இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிராந்தி வேறு, பீர் வேறு

"சரக்கு பழசானால்தான் ருசி" என்று குடிமன்னர்கள் ஒரு வேதாந்தம் பேசுவது உண்டு. அது விஸ்கிக்கும் பிராந்திக்கும் சொன்னது. அதுவும் மரப்பீப்பாயில் இருக்கும் வரைதான். பாட்டிலில் அடைத்து மூடி போட்டுவிட்டால் விஸ்கிக்கு வயசு ஏறுவது கிடையாது. ஆனால் அதில் 40 சதவீதத்துக்கு மேல் சாராயம் இருப்பதால் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

பீரின் ஜாதகம் வேறு.

ராகியை முளைகட்டி மாவு அரைப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை. அதேபோல பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறார்கள். ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பும் வாசமும் அந்தப் பூவில் இருந்து வருகிறது. பிறகு ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். கடைசியில் பாட்டிலுக்கு வரும்போது அதில் 5 சதவீதம், மிஞ்சினால் 8 சதவீதம் சாராயம். மீதி எல்லாம் தண்ணீரும், தானியத்துச் சத்தும், பூவின் வாசமும்தான். இந்த வாசம்தான் முதலில் ஓட்டம் பிடிக்கிற பொருள்.

ஆலையை விட்டு வெளியே வருகிற அன்றைக்கு பீர் எப்படி இருக்கிறதோ, அதைவிட நன்றாக அது ஒருநாளும் ஆகப்போவதில்லை. சில விசேஷ ரகங்கள் இதற்கு விதிவிலக்கு. நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண பீருக்கு விதிவிலக்கே கிடையாது.

கள்ளுக்குத் தேதி எதற்கு?

கொங்குநாட்டுப் பெரியவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் காலையில் இறக்கிய பானத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு. தேனாக இனிக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக்கொண்டு கள்ளாகிவிடும். மறுநாள் புளிக்கும். இன்னும் விட்டால் காடிதான்! வெயில் ஏறுவதற்கு முன் இறக்கியதா, பின் இறக்கியதா என்று மூக்கில் வைத்தே சொல்லிவிடுகிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. இறக்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். அங்கே தேதிச் சீட்டுக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1ந் தேதி முதல் கள்ளுக்குத் தடை வந்தது. கள்ளாகாமல் பதப்படுத்திய நீரா பானத்துக்கு 2017ல் அரசு வழி விட்டது. அந்த நீராவையும் இறக்கும்போதே ஐஸ் பெட்டியில் பிடித்து, குளிர் குறையாமல் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் அசந்தால் அது கள்.

பீர் விஷயத்தில் மரமும் தெரியாது, இறக்கியவரும் தெரியாது. எங்கோ ஒரு ஆலையில் தயாராகி, லாரி ஏறி, கிடங்கில் இறங்கி, மறுபடி வண்டி ஏறி, கடைக்கு வருகிறது. சென்னைப் பக்கத்து ஆலையில் இருந்து வந்தால் கோவைக்கு 500 கிலோமீட்டர் பயணம். வழியில் எத்தனை நாள் தங்கியது, எந்த வெயிலில் நின்றது என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதற்குத்தான் தேதி. மூக்கு செய்த வேலையை இப்போது கண் செய்ய வேண்டியிருக்கிறது.

அட்டைப்பெட்டி வாசம்

பழைய பீர் என்ன செய்யும்? விஷமாகிவிடுமா? ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாராயம், ஹாப்ஸ் கசப்பு, புளிப்பு, கார்பன் வாயு எல்லாம் சேர்ந்து இருப்பதால் மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் பீரில் வளர்வது கடினம். போதாததற்கு பாட்டிலோடு சேர்த்தே சுமார் 60 டிகிரி வெந்நீர் தூறலில் ஓடவிட்டு, மிச்சம் மீதி உள்ள கிருமிகளையும் ஆலையில் அடக்கிவிடுகிறார்கள். பிரான்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர் காட்டிய வழி அது. பீர் கெடுவது எதனால் என்று அவர் எழுதிய புத்தகம் 1876ல் வெளிவந்தது. பாலைக் காய்ச்சும் முறைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அவர் பாடுபட்டதோ ஒயினுக்கும் பீருக்கும்தான்!

கிருமியை அடக்கிவிடலாம். பாட்டிலுக்குள் மிஞ்சிப்போன துளி காற்றை என்ன செய்வது? மூடி போடும்போது எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே தங்கிவிடும். அது சும்மா இருக்காது. நாளாக நாளாக வேலை செய்யும். ஹாப்ஸ் வாசம் மங்கும். கசப்பு மழுங்கும். நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்தால் ஒரு வாடை வருமே, அது எட்டிப்பார்க்கும். அதற்குக் காரணமான பொருள் எது என்பதை 1970ல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் பழசானால் அழுகின ஆப்பிள் போலவும், சில சமயம் தேன் போலவும் ஒரு இனிப்பு வாடை. அடியில் மேகம் போல மங்கலாக ஏதோ மிதக்கும்.

"இன்னைக்கு சரக்கு சரியில்லீங்க" என்று குடித்தவர் முகம் சுளிப்பார். கம்பெனியைத் திட்டுவார். கடைக்காரரைத் திட்டுவார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே எழுதி இருந்திருக்கும்.

வெளிச்சம் இன்னொரு எதிரி. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. பயந்தால் பின்பக்கத்தில் இருந்து நாற்றத்தைப் பீய்ச்சி அடிக்கும். வெயில் பட்ட பீரில் வருகிற வாடைக்கு அந்த ஊர்க்காரர்கள் அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஹாப்ஸ் கசப்பின் மேல் ஒளி பட்டதும் கந்தகம் கலந்த ஒரு பொருள் உண்டாகிறது. பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. அந்த ஒளியைத் தடுக்கத்தான். பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது. வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. டின்னுக்கு இந்தத் தொல்லை இல்லை.

3, 30, 300

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லன் சூடு.

அமெரிக்க பீர் ஆலைக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், ஐஸ்பெட்டிக் குளிரில் 300 நாள். இந்த மூன்றிலும் பீரின் ருசி ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேய்ந்துபோகும் என்பது கணக்கு. அணா பைசா சுத்தமான விஞ்ஞானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை வாக்கான கணக்கு. ஆனால் திசையைச் சரியாகக் காட்டுகிறது.

இதைக் கோவைக்குப் பொருத்திப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருவதால் சென்னை, வேலூர் அளவுக்கு இங்கே புழுக்கம் இல்லை என்று நமக்கெல்லாம் ஒரு பெருமை. இருந்தாலும் ஏப்ரல் மாதத்துப் பகல் 35 டிகிரிக்குக் குறையாது. தகரக் கூரைக் கிடங்கு என்றால் உள்ளே இன்னும் அதிகம். அங்கே ஒரு மாதம் கிடந்த பீரும், குளிர் அறையில் ஒரு மாதம் இருந்த பீரும் தேதியில் இரட்டைப் பிள்ளைகள். ருசியில் அண்ணனும் தாத்தாவும்!

ஆகவே தேதி என்பது பீரின் பிறந்த நாள். அது வளர்ந்த விதத்தை அது சொல்லாது. "கூலிங் இருக்குதுங்களா?" என்ற கேள்விக்கு வருகிற பதிலும் அதைச் சொல்லாது. ஐந்து மாதம் வெயிலில் வெந்த பாட்டிலை ஒரு மணி நேரம் ஐஸில் வைத்தாலும் கை ஜில்லென்றுதான் இருக்கும்.

இன்னொரு வதந்தி. குளிரவைத்த பீரை வெளியே எடுத்துவிட்டு மறுபடி குளிரவைத்தால் கெட்டுப்போகும் என்பார்கள். ஒரு தடவை அப்படி ஆனதால் குடி முழுகிப்போய்விடாது. மொத்தம் எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்பதே முக்கியம்.

ஊட்டிக் குளிரில் பிறந்த கதை

சூடு ஆகாது என்பது வெள்ளைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். அவன் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து பீர் கப்பலில்தான் இந்தியாவுக்கு வந்தது. சூயஸ் கால்வாய் 1869ல் திறக்கும் வரை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நான்கைந்து மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். கெடாமல் வர வேண்டும் என்று ஹாப்ஸ் பூவை அள்ளிப்போட்டு அனுப்பினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க "இந்தியா பேல் ஏல்" என்ற பெயரில் விற்கிற கசப்பு பீர் அந்த வழியில் வந்த சரக்குதான்.

பிறகு இங்கேயே காய்ச்சினால் என்ன என்று யோசனை வந்தது. எங்கே காய்ச்சுவது? ஐஸ் மிஷின் இல்லாத காலம். குளிர் வேண்டும் என்றால் மலைக்குத்தான் போக வேண்டும். வடக்கே கசௌலி மலையில் 1850களில் ஆலை வந்தது. தெற்கே நம் தலைக்கு மேலே இருக்கும் நீலகிரியில் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்றால் தெரிகிற அதே மலைதான்! 1857ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் காசில் ஆலையும், நீலகிரி ஆலையும், பெங்களூர்ப் பக்கத்து ஆலைகளுமாக ஐந்தை 1915ல் ஒன்று சேர்த்தார் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அப்படிப் பிறந்ததுதான் யுனைடெட் புரூவரீஸ். அந்நாளில் ராணுவத்துக்குப் பீப்பாய் பீர் மாட்டுவண்டியில் போனது. 1947ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியின் இயக்குனர் ஆனார். பிறகு வந்த கதை ஊருக்கே தெரியும்.

தேதி அச்சடிக்கும் பழக்கம் அவ்வளவு பழசு அல்ல. பொட்டலப் பொருளில் எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று போட வேண்டும் என்ற மத்திய அரசு விதி 1977ல் வந்தது. எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச விலை போட வேண்டும் என்பது 1990ல் வந்தது. மக்கள் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் சண்டைக்குப் போகிறார்கள். தேதியைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் இதையே விளம்பரம் ஆக்கினார்கள். பட்வைசர் கம்பெனி 1996ல் "பிறந்த தேதி" என்று பாட்டிலில் போட ஆரம்பித்தது. 110 நாளுக்குள் குடித்தால்தான் புதுசு என்றது. பாஸ்டன் நகரத்து சாமுவேல் ஆடம்ஸ் கம்பெனி அதற்கும் முன்பே, 1980களிலேயே தேதி போட்டு, பழைய சரக்கைக் கடைகளில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டது.

எங்கே பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

நம் பாட்டிலில் தேதி இருக்கும் இடம் ஆலைக்கு ஆலை மாறும். சிலர் கழுத்துச் சீட்டில் அடிக்கிறார்கள். சிலர் பின்பக்கச் சீட்டில். சிலர் கண்ணாடியின் மேலேயே புள்ளி புள்ளியாக மையில் அடித்துவிடுகிறார்கள். டின் என்றால் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.

எம்.எப்.ஜி. என்றால் தயாரித்த தேதி. பி.கே.டி. என்றால் அடைத்த தேதி. பெஸ்ட் பிபோர் என்றால் அதுவரை ருசியும் தரமும் குறையாது என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு. எக்ஸ்பைரி, யூஸ் பை என்றால் கெடு. அதற்குப் பிறகு விற்கவே கூடாது. இந்தியாவில் பாட்டில் பீருக்குப் பெரும்பாலும் தயாரித்ததில் இருந்து 6 மாதம் என்று போடுகிறார்கள். ஜனவரி 10ந் தேதி தயாரானது ஜூலை 9 வரை. விரல் விட்டு எண்ணினால் போதும். சில ஆலைகள் நாளைப் போடாமல் மாதமும் வருடமும் மட்டும் போடலாம். அப்போதும் எண்ணிக்கை அதேதான்.

பக்கத்திலேயே பேட்ச் நம்பர் என்று ஒரு நீள எண் இருக்கும். அதைத் தேதி என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். ஆனால் புகார் கொடுக்கும்போது அந்த எண்தான் உயிர்.

கண்ணாடியின் அடியில் புடைத்துக்கொண்டு சில எண்கள் இருக்கும். அது பாட்டில் வார்த்த கம்பெனியின் அடையாளம். பீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காலி பாட்டில்கள் திரும்பிப்போய், கழுவி, மறுபடி நிரம்பி வருகிற நாடு இது. பாட்டில் கிழவனாக இருக்கலாம். உள்ளே இருப்பது குமரனாக இருக்கலாம். தோள்பட்டையில் வெள்ளையாகத் தேய்ந்த பாட்டிலைப் பார்த்து "பழைய சரக்கு" என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம்!

சிங்கப்பூரில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ மச்சான் கொண்டுவந்தது என்றால் உஷார். நம் ஊரில் நாள் முன்னால், மாதம் பின்னால். அமெரிக்காவில் தலைகீழ். 08/03 என்பது நமக்கு மார்ச் 8. அவர்களுக்கு ஆகஸ்டு 3. ஐந்து மாத வித்தியாசம்! சில கம்பெனிகள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் போடும். 045 என்றால் ஜனவரியின் 31 போக, பிப்ரவரி 14.

பிராந்தி பாட்டிலில் கெடுத் தேதி தேடி ஏமாறாதீர்கள். 10 சதவீதமும் அதற்கு மேலும் சாராயம் உள்ள பானங்களுக்கு அந்தத் தேதி கட்டாயம் இல்லை. பீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் தப்ப முடியாது. மதுபானங்களுக்கு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் தனி விதி போட்டது. 2019 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பூட்டிய கடையிலும் நாள் ஓடும்

கோவைக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு.

2021ல் கொரோனா இரண்டாம் அலை. மே 10ந் தேதி முழு ஊரடங்கு வந்து மதுக்கடைகளை மூடினார்கள். ஜூன் 14ந் தேதி தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் திறந்தார்கள். தொற்று குறையாத 11 மாவட்டங்களில் திறக்கவில்லை. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என்று கொங்கு முழுக்க அந்தப் பட்டியலில் இருந்தது. ஜூலை 5ந் தேதிதான் இங்கே கதவு திறந்தது. ஆக 56 நாள்!

கடைக்குப் பூட்டுப் போடலாம். காலண்டருக்குப் பூட்டுப் போட முடியுமா? மார்ச் 10ந் தேதி தயாரான 6 மாதப் பீர் ஒன்று கடைக்குள் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 5ல் வெளியே வரும்போது அதன் ஆயுளில் ஏறக்குறைய நான்கு மாதம் போயிருக்கும். மின்விசிறி இல்லாத பூட்டிய அறையில், கோடைக்கும் மழைக்கும் நடுவில் இருந்த இரண்டு மாதம் அதில் அடக்கம். விலை மட்டும் குறையாது.

அதற்கு முந்தின வருடம் 2020 மே மாதம், டெல்லியை ஒட்டிய குருகிராம் வட்டாரத்தில் சின்னச்சின்ன பீர் ஆலைகள் சுமார் ஒரு லட்சம் லிட்டரைச் சாக்கடையில் கொட்டியதாகச் செய்தி வந்தது. அவர்களுடையது சூடு காட்டிப் பதப்படுத்தாத பீர். சில வாரத்துக்கு மேல் தாங்காது. கொட்டியவர்களுக்கு நஷ்டம். ஆனால் பழசை யார் தலையிலும் கட்டவில்லை.

மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சூட்சுமம் அத்துபடி. புதிதாக வந்த பிஸ்கட் பெட்டியைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் இழுத்து வைப்பார்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மதுக்கடையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவசரத்துக்கு மேல் பெட்டியில் கை வைத்தால் அடிப்பெட்டி அங்கேயே தவம் கிடக்கும். அது எப்போது வெளியே வரும்? கூட்டம் அலைமோதி, மேல் பெட்டிகள் எல்லாம் காலியாகும் நாளில்! தீபாவளி, பொங்கல் நெரிசலில் தேதியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வெட்கம் பிடுங்குகிறது

ஏன் பார்ப்பதில்லை? கம்பி ஒரு காரணம். பின்னால் நிற்பவர் தள்ளுவது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வெட்கம்தான்.

ரொட்டிக் கடையில் நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறவர் இங்கே தலையைக் குனிந்துகொள்கிறார். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயம். மாமனார் ஊர்க்காரர் எவராவது பஸ்ஸுக்கு நின்றால் போச்சு! பாட்டிலை எவ்வளவு சீக்கிரம் பைக்குள் மறைக்கலாம் என்பதுதான் கவலை. குடிப்பது தப்பு என்று மனதுக்குள் ஒரு உறுத்தல். அந்த உறுத்தல் நியாயமானது. அளவான குடி என்று ஒன்று கிடையாது, ஒரு சொட்டும் உடம்புக்கு நல்லது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. புதுத் தேதி போட்ட பீரும் அதில் அடக்கம்.

ஆனால் உறுத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும். கொடுத்த காசு காசுதானே? 2003 நவம்பர் கடைசியில் இருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் போனது. 2024-25ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வரி வருமானம் மட்டும் 48 ஆயிரத்து 344 கோடி ரூபாய். இத்தனை கோடியைக் கொட்டிக் கொடுத்தவன் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்க்கக் கூசுகிறான்!

வேடிக்கை என்னவென்றால், அதே ஆளுக்குப் பாட்டிலில் வேறொன்றைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. நீலகிரிக் காடுகளில் உடைந்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழிப்பதாக ஐகோர்ட்டு வரை வழக்குப் போய், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022ல் அங்கே தொடங்கியது. பிறகு கோவை மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறார்கள். 10 ரூபாய் போய்விடுமே!

பணம் கொடுக்கும் முன்னே

21 வயது நிரம்பாதவர்களுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை. மற்றவர்கள் பணத்தை நீட்டும்போதே, "தேதி பார்த்துக் குடுங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். சண்டை வேண்டாம். உள்ளே நிற்பவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர்தான். பெட்டி அடுக்கியது அவர் தப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

ஐஸ் தண்ணீரில் ஊறி மை அழிந்து, தேதியே தெரியாவிட்டால் அந்தப் பாட்டில் வேண்டாம் என்று சொல்லுங்கள். கெடு தாண்டியிருந்தால் மாற்றிக் கேளுங்கள். வாங்கின பிறகு வண்டிப் பெட்டிக்குள் போட்டு, வெயிலில் நிறுத்திவிட்டு, சினிமா பார்க்கப் போவது புதுச் சரக்கை நாமே பழசாக்கும் வேலை.

மாற்றித்தர மறுத்தால்? பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பேட்ச் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பீர் வாங்கினவர்கள் யாரும் அந்த 5 லட்சத்தைத் தாண்டப்போவதில்லை!

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். தூசி, பூச்சி மிதந்தாலும் சரி, கெடு தாண்டினாலும் சரி, பாட்டிலைத் திறக்காமல் கொண்டுபோனால்தான் புகார் நிற்கும். முக்கால்வாசியைக் குடித்து முடித்துவிட்டு, "மீதியைப் பாருங்க சார், பழசா இருக்குது" என்று நின்றால் ஆணையம் என்ன செய்யும்?